வேகக் கை

ஆளை விற்பது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேஸ் ஆகிவிடும். ‘குடும்பத்தை மாத்தி விடுறது’ என்பார்கள், ஏதோ செடியைத் தொட்டி மாற்றுகிற மாதிரி. உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ரத்தினவேல், ஜோதிமணி குடும்பத்தை அன்று காலை அப்படித்தான் மாற்றி விட இருந்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு கல்லாவியிலிருந்து வந்தவர்கள். வந்த நாளிலிருந்து அந்தக் கடன் வளர்ந்ததே தவிரத் தேயவில்லை. எல்லை தாண்டி, கர்நாடகத்து மாலூர்த் தோட்டக்காரர் விஜயகுமார் அதைக் கட்டிவிட்டால் இனி அவர்கள் அவருடைய ஆட்கள்.

ஜோதிமணியின் புருஷன் ஆனந்துக்கு, மூக்கில் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடித்தே நெஞ்சு போய்விட்டது. தன் தோட்டத்தில் செத்துத் தொலையப் போகிறானே என்பதுதான் முதலாளியின் கவலை. ஜோதிமணியின் கவலை வேறு. சீக்காளி என்று அவனை மட்டும் கழித்துவிட்டால்? போன வருஷம் இதே தோட்டத்தில் வேலை செய்த சரோஜம்மாளை இப்படித்தான் தனியாக அனுப்பினார்கள். இங்கே புருஷன் செத்த சேதி, எரித்த பிறகுதான் அவளுக்குப் போனது.

ஜோதிமணியிடம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது, மகள் பிரவீனாவின் கை. பதினாலு வயது. பூக் கட்டும் ஷெட்டில் அவளுக்கு இருந்த வேகம் அங்கே ஒருத்திக்கும் கிடையாது. அதை வெளியே காட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள் அம்மா. முதலாளியும் அவளை மந்தம் என்று நினைத்து, பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் வந்தால் போதுமென்று விட்டிருந்தார்.

“இன்னிக்கு ஒருநாள் பள்ளிக்கூடம் வேணாம், உன் கையைக் காட்டுடி. அப்பாவையும் கூட்டிட்டுப் போவணும்” என்று காலையில் சொல்லி வைத்தாள்.

விஜயகுமார் வேனோடு வந்தார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னார், தண்ணீர்ப் பக்கெட்டைத் தூக்கச் சொன்னார், ஆனந்தின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்காவது பல்லைப் பார்த்த பிறகு ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்கள். ஆனந்த் மூச்சைப் பிடித்து இருமலை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

“கண்ட பேடா. தும்ப கெம்முத்தானே” என்றார் விஜயகுமார். புருஷன் வேண்டாம், ரொம்ப இருமுகிறான். கன்னடத்தில் சொன்னால் இவளுக்கு விளங்காது என்று நினைப்பு. இந்த எல்லையில் யாருக்கு விளங்காது?

“அண்ணா, எங்க பாப்பா கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாள் ஜோதிமணி. “அவரு வேலையும் சேத்து அவளே செஞ்சுருவா.”

பெற்றவள் வாயில் வரக்கூடிய சொல்லா அது? வந்தது.

பிரவீனா மேஜைக்கு முன்னால் நின்றாள். இலையை உருவினாள், முள்ளைச் சீவினாள், அளவுப் பலகையைத் திரும்பியும் பார்க்காமல் நெட்டையும் குட்டையுமாகப் பிரித்தாள். அட்டையைச் சுற்றி ரப்பர் போட்டால் ஒரு கட்டு. பக்கத்து மேஜைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

“சரி, மூணு பேரையும் ஏத்துங்க” என்றார் விஜயகுமார்.

ஜோதிமணிக்கு அப்படியொரு சந்தோஷம். நினைத்தது நடந்துவிட்டது.

ரத்தினவேல் மேஜைக்கு வந்தார். பிரவீனா போட்ட கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டு மற்ற மூவரையும் வேன் பக்கம் கூட்டிப் போனார்.

“பொண்ணு இதுல சேராதுங்க. அது இங்கியே இருக்கட்டும்.”

“பொண்ணு இல்லாம இந்தச் சீக்காளி எனக்கெதுக்கு?”

“அவனைச் சும்மா கூட்டிட்டுப் போங்க. அவனுக்குன்னு ஒண்ணும் தர வேணாம், அவன் கடனைப் பொண்ணு கணக்குல எழுதிக்கறேன்.”

விஜயகுமார் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். இலவசம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனந்த் வேனின் சக்கரத்தருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஜோதிமணி ரத்தினவேலின் காலைப் பிடித்தாள்.

“அவ படிக்கிற பொண்ணு, மொதலாளி.”

“இனிமே படிச்சு என்னாத்துக்கு? கையிலயே தொழில் இருக்குது. நீதான பழக்கின? நல்லாத்தான் பழக்கியிருக்க.”

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததைத் தானே எடுத்து நீட்டிவிட்டாள். அந்த நிமிஷம் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது ஜோதிமணிக்கு. டிரைவர் ஆனந்தைத் தூக்கி உள்ளே போட்டான். துணி மூட்டையை எடுக்க அவள் ஷெட்டுக்குள் போனாள், ரத்தினவேல் பின்னாலேயே வந்தார்.

பிரவீனா வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மேஜை நிறையக் கட்டுகள். முகத்தில் ஒரு பெருமை.

“இது போதுமாம்மா? அப்பாவையும் ஏத்திக்குவாங்களா?”

சொல்ல ஜோதிமணிக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் பெண் வேனுக்குப் பின்னால் ஓடிவரும், அடித்து இழுத்து வருவார்கள்.

“இன்னும் ஒரு பக்கெட் பூ செய்டி, கண்ணு.”

பிரவீனா தலையாட்டிவிட்டு அடுத்த பூப் பக்கெட்டை இழுத்துக்கொண்டாள். அம்மா மூட்டையோடு வெளியே போனாள். வேன் கிளம்பிய சத்தம் கேட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைக் கூட்டிப் போக வேண்டுமே என்று கையை இன்னும் வேகமாக ஓட்டினாள்.