பதினோராவது கேள்வி

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. விசா, கிரீன் கார்டு, வருமான வரி, மகள் வெண்பாவின் கல்லூரி, எதுவானாலும் இந்த நஞ்சுண்டன் கைதான் பட வேண்டும். என் மனைவி வசந்தாமணியின் பாஸ்போர்ட் எண் எனக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரியாது. இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் முதன்மை விண்ணப்பதாரர், அவள் டிபென்டன்ட். குடியுரிமை வாங்கிய பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

மொராக்கோ யோசனை அவளுடையது. ஐம்பது முடிவதற்குள் ஒரு பெரிய மலையில் ஏறிவிட வேண்டும் என்று போன தீபாவளியன்று சொன்னாள். அட்லஸ் மலையில் பெர்பர் மக்களின் கிராமங்கள் வழியாக ஐந்து நாள் நடை, ஆறாம் நாள் டூப்கல் உச்சி. நாலாயிரத்து நூற்று அறுபத்தேழு மீட்டர். யோசனை சொன்னதோடு அவள் பங்கு முடிந்தது. மறுநாளே நான் எக்ஸெல் திறந்துவிட்டேன். எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கல், கோவேறு கழுதை எத்தனை கிலோ சுமக்கும், சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, புளிக்காய்ச்சல் எத்தனை பாட்டில். மொத்தம் ஏழு ஷீட். எங்கள் ஊரான பிஸ்கட்டவேயில் நான் அதை யாருக்கெல்லாம் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

வழிகாட்டி லஹ்சன் ஆளுக்கொரு படிவம் அனுப்பியிருந்தார். 'அவரவரே நிரப்பவும்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இதெல்லாம் ஒரு பேச்சுக்குப் போடுவது என்று நினைத்து இரண்டையும் ஒரே மூச்சில் நானே நிரப்பி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வீடியோவில் வந்தார். பின்னால் வாதுமை மரங்கள். நிதானமான ஆங்கிலத்தில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தவர் வசந்தாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், உச்சிக்குப் போகும் நாள் நீங்கள் கிராமத்தில் என் அக்கா வீட்டில் இருக்கலாம். அவள் ரொட்டி சுடச் சொல்லித் தருவாள். மேலே மலைக்குடிலில் உங்கள் கணவருக்கு மட்டும் படுக்கை சொல்கிறேன். இன்று சாயங்காலம் பெயர் கொடுத்தாக வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது."

வசந்தா சிரிக்கவில்லை. "நான் கிராமத்தில் இருப்பதாக யார் சொன்னது?"

"படிவத்தில் இருக்கிறதே. பதினோராவது கேள்வி. உச்சிக்கு ஏறுவீர்களா, கிராமத்தில் தங்குவீர்களா?"

சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்புகிறோம் என்று அவளே சொல்லி அழைப்பை முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, எனக்கு முடியாதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?"

"சேஃப்டிக்குப் போட்டேன் வசந்தா. பழனில நீ பாதிப் படியில உக்காந்துட்டியே, மறந்துட்டியா? இது அதவிட பத்து மடங்கு."

"பழனி!" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வெண்பாவுக்கு மொட்டை போடப் போனோமே, அதச் சொல்றீங்களா? எட்டு மாசக் கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு ஏறுனேன். நீங்க வீடியோ எடுத்துட்டே முன்னால போயிட்டீங்க. ஒரு வாட்டி திரும்பி, கொழந்தையக் குடுன்னு கேட்டீங்களா?"

தட்டில் தோசையோடு நின்ற வெண்பா என்னைப் பார்த்தாள். "அப்பா, டிட் யூ ஈவன் ஆஸ்க் ஹெர்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீடியோவை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வசந்தா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை எல்லாருக்கும் காட்டிச் சிரித்திருக்கிறேன். அவள் மடியில் குழந்தை இருந்தது அதிலேயே தெரியும். கண்ணை எங்கே வைத்திருந்தேனோ! இருபது வருடமாக அவளுக்கு மலை ஆகாது என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். போன மாதம் டெலவேர் வாட்டர் கேப் மலையில் பயிற்சிக்குப் போனபோது, பையைச் சுமந்துகொண்டு முன்னால் ஏறிப் போனவள் அவள். பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு ஆறு மாதமாக வலது முட்டி சரியில்லை. என் படிவத்தில் 'உடல் தொல்லை எதுவும் இல்லை' என்று போட்டிருந்தேன்.

வசந்தா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு விரலால்தான் தட்டுவாள். உதவட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். வெண்பா குளித்துக் கிளம்பிப் போய்விட்டாள். வசந்தா ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்து, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, பதினோராவதில் 'ஏறுவேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

"இப்ப உங்களுது," என்றாள்.

"என்னுது சரியாத்தான் இருக்குது."

"நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். ஹெல்த் இஷ்யூஸ்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ரைட் முட்டி வலிக்குது. ஆறு மாசமா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அப்படியே தட்டினாள், ஒவ்வொரு எழுத்தாக. ஏன் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பதினோராவது கேள்விக்கு வந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முட்டி வலி என்று கேட்ட நிமிடமே 'தங்குவார்' என்று அழுத்தியிருப்பேன், சத்தியமாக.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேல வர்றீங்களா, கீழ இருக்கீங்களா?"

இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்க ஐந்து நொடி ஆகாது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"வரணும்னு ஆசை. முடியுமான்னு தெரியல."

"அவசரமில்ல. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது, யோசிச்சுச் சொல்லுங்க," என்று அந்தக் கட்டத்தை அவள் காலியாகவே விட்டாள்.