தேத்தண்ணி ஞானஸ்நானம்

கெண்டியைச் சாய்த்து இரண்டாம் தடவை ஊற்றும்போதுதான் அன்னம்மா நிறத்தைக் கவனித்தாள். ‘ஊத்து, ஊத்து’ என்று கேட்ட கணவர் காளியண்ணனின் நெற்றியில் வழிந்து வெள்ளைத் தலையணை உறையில் ஊறிக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லை, ஆறிப்போன தேத்தண்ணி. அதற்குள் பிதா, சுதன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பாதியில் விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடலாம் என்றால், காளியண்ணனின் மூச்சு அதுவரை நிற்குமா என்பது சந்தேகம். வருவது வரட்டும் என்று மூன்றாம் தடவையும் அதையே ஊற்றி, பரிசுத்த ஆவியின் பேரையும் சொல்லி முடித்தாள்.

உதட்டோரம் இறங்கிய சொட்டை அவர் நாக்கால் தொட்டார்.

“இனிக்குது,” என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி உறுமிக்கொண்டு போய் மறைவதற்குள் மூச்சும் அடங்கிவிட்டது. அது எண்பத்து நான்காம் வருஷத்துத் தபசு காலம். உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் முறையாக ஞானஸ்நானம் பெறுவதாக இருந்தவர், இன்னும் மூன்று வாரம் தாக்குப்பிடிக்க முடியாமல் போய்விட்டார்.

சாகக் கிடக்கிறவர் கேட்டு, சாமியாரும் அருகில் இல்லையென்றால், விசுவாசி யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். தண்ணீர் வேண்டும், வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். அன்னம்மாவும் கட்டிலருகே கெண்டியில் எப்போதும் கொதித்து ஆறிய தண்ணீர் வைத்திருந்தாள். காளியண்ணனின் தங்கை தாயம்மா முதல் நாள்தான் அம்பாங் பெச்சாவிலிருந்து வந்திருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்று, காலையில் அதே கெண்டியைச் சூடாக்கித் தேயிலையும் சீனியும் போட்டுக் கலக்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். நல்ல மனசோடு செய்த காரியம் வினையாக முடிந்தது.

மகன் தனபாலன் எஸ்டேட் ஆபீசுக்கு ஓடி, கிள்ளானில் இருந்த சாமியாருக்குப் போன் போட்டுவிட்டு வந்தான். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னாராம். அவனுக்குப் பின்னாலேயே உபதேசியார் ராயப்பன் கோயில் சாவியோடு வந்து சேர்ந்தார். சாமியார் மாதம் ஒரு தடவை பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் அந்த எஸ்டேட் வேதக்காரர்களுக்கு ராயப்பன்தான் எல்லாம். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவருக்குச் சட்டம் என்றால் சட்டம். செபம் சொல்லக் குனிந்தவர் தலையணை உறையைப் பார்த்தார்; சந்தேகத்துக்கு முகர்ந்தும் பார்த்தார்.

“இது என்னாம்மா?”

அன்னம்மா ஒளிக்காமல் சொன்னாள்.

“சீனி போட்டதா, போடாததா?”

“போட்டது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். “தேத்தண்ணி தண்ணி ஆவாதும்மா. செல்லாது. ஞானஸ்நானம் ஆவாதவர நான் எப்பிடிக் கோயிலுக்குள்ள வெக்கிறது? வேதக்காரர் கல்லறையில எப்பிடி அடக்குறது? நாளைக்கு ஆண்டவர் முன்னால நின்னு ஜவாப் சொல்லணுமே நான்.”

தாயம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். “பாவி நான், என் கையாலயே கெடுத்துட்டேனே அண்ணி! அவுங்க எடம் குடுக்கலன்னா போவுது. நம்ம மொறையில எடுத்துருவோம். மேளத்துக்குச் சொல்லி வுடுறேன்.”

“அம்மா, நீ சொல்லுலா,” என்றான் தனபாலன். “எப்படி வேணும்னாலும் செஞ்சிரலாம். அப்பாவுக்கு என்ன தெரியப் போவுது?”

அந்தக் கடைசி வார்த்தைதான் அன்னம்மாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மேளமா கல்லறையா என்பதெல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருஷமாகக் கோயிலுக்கு வெளியே குந்தியிருந்த மனிதர் ஒருவழியாக உள்ளே வருகிற நேரத்தில், ஒரு பிடி தேயிலைக்காகக் கடவுள் கதவைச் சாத்தியிருப்பாரா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் காளியண்ணன் கள்ளுக்கடைக்கு நேர்ந்துவிடப்பட்டவர் மாதிரி. ஒரு நாள் வெறியில் அவளுடைய ஜெபமாலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். தடுக்கப் போனவளின் கை முறிந்தது. அந்தக் கைக்குக் கட்டுப் போட்ட அன்றோடு கள்ளை விட்டார். அதன் பிறகு பூசை நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து கோயிலில் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டு, எதிரே இருக்கும் பாலத்துச் சுவரில் குந்திக்கொள்வார். உள்ளே வாங்க என்றால், “ஒங்க சாமி பெரிய தொரை மாதிரி. நான் பெரட்டுக்குப் பிந்துன ஆளு. பிந்துனவனுக்கு ஏது வேலை?” என்பார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வந்து நிற்காதவனை அன்றைக்கு வேலைக்கு எடுக்கமாட்டார்கள். முப்பது வருஷம் பெரட்டில் நின்றவருக்குக் கடவுளையும் அப்படித்தான் தெரியும்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து படுத்த பிறகுதான், “ஒங்க சாமி எப்பிடிப்பட்டவருன்னு சொல்லு, கேப்போம்,” என்றார். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கடவுளின் ஆறு லட்சணங்களை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் குறுக்கு விசாரணை செய்தார்.

“ஒடம்பு இல்லாதவரா? அப்ப நெஞ்சு வலின்னா என்னான்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“அதுக்குத்தான மனுசனாப் பொறந்து வந்தாரு. ஆணி அடிச்ச வலியெல்லாம் பட்டுட்டுத்தான் போனாரு.”

“எல்லா எடத்துலயும் இருப்பாரா? கள்ளுக்கடையிலயும் இருந்தாரா?”

“இருந்தாரு. ஒங்களப் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு.”

“பாத்துட்டுமா விட்டு வெச்சாரு?”

“எங்க விட்டாரு? இழுத்துக்கிட்டு வந்துட்டாரே.”

அதை அவர் ஒப்புக்கொண்டார். அளவில்லாத நன்மை நிறைந்தவர் என்ற இடத்தில்தான் அடியோடு சிக்கிக்கொண்டார். ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்து, குலையை எண்ணிக் கொடுத்து, அரிசியை அளந்து வாங்கியே பழகியவர் அவர். “அளவே இல்லியா? ஒரு கோடுகூடக் கெடையாதா?” என்று நாலு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே, “அப்ப நான் கொஞ்சம் பிந்திப் போனாலும் ஒன்னும் ஆவாது,” என்றார். ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டதும் அன்றைக்குத்தான்.

இதை நினைத்ததும் அடுப்படியில் அன்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிப்பதா என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. கூடவே கண்ணீரும் வந்தது. சொல்லிக்கொடுத்தவள் பயந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுக்கொண்டவர் இனிக்குது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பது வருஷமாக அந்த ஆறையும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தவளுக்கு, அவை யாரைப் பற்றியவை என்று அப்போதுதான் உறைத்தது. பயம் போன இடம் தெரியவில்லை. முகத்தைக் கழுவி, கூந்தலை முடிந்துகொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“உபதேசியாரே, ஆண்டவருக்கு எத்தன லட்சணம்?”

“ஆறு,” என்றார் ராயப்பன், எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல்.

“அந்த ஆறுல எதைத் தேத்தண்ணி தடுக்குது? சொல்லுங்க, கேப்போம்.”

அவர் ஆறையும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“எல்லா எடத்துலயும் இருக்கற ஆண்டவரு நான் ஊத்துனப்ப இந்த ரூம்புல மட்டும் இல்லியா? என் வீட்டுக்காரரு ‘ஊத்து, ஊத்து’ன்னு கேட்டது அவரு காதுல விழலியா? அவசரத்துல நான் தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். என் தப்பு அவரு நன்மையவிடப் பெருசா? அப்பிடின்னா அளவில்லாதவருன்னு நீங்க ஏன் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறீங்க?”

வெளியே பெஞ்சில் இருந்த லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். தாயம்மா அழுகையை மறந்து அண்ணியைப் பார்த்தாள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் அண்ணி இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை.

“நீ சொல்றது ஞாயமாத்தாம்மா தெரியுது,” என்றார் ராயப்பன் மெதுவாக. “எதுக்கும் சாமியாரு வந்து சொல்லட்டும்.”

“வரட்டும். பெட்டி நம்ம கோயிலுக்குத்தான் போவுது. தாயி, நீ அழுவாத. ஒன் தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் ஒங்கண்ணன் மோட்சத்துக்குப் போயிருக்காரு.”

மூன்றே காலுக்குச் சாமியாரின் பழைய கார் வந்து நின்றபோது கோயில் வாசலில் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். ராயப்பன் நடந்ததை ஒன்று விடாமல், சீனி உட்படச் சொன்னார். சாமியார் அன்னம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவராக் கேட்டாரா?”

“அவரேதான் கேட்டாரு சாமி.”

“அப்ப அவரு நம்ம ஆளுதான். ஞானஸ்நானத்துக்குக் காத்துக்கிட்டு இருந்து செத்துப் போனவங்களத் திருச்சபை எப்பவும் தன் பிள்ளையாத்தான் அடக்கம் பண்ணும்.” அவர் உபதேசியார் பக்கம் திரும்பினார். “தேத்தண்ணி தப்புத்தான், நீங்க சொன்னது சரி. ஆனா தண்ணி நமக்குப் போட்ட சட்டம். ஆண்டவர அதுல கட்டிப் போட முடியாது.”

ராயப்பன் சரியென்று தலையை ஆட்டினார். அன்னம்மாவுக்கு அது புதுச் செய்தி இல்லை. அடுப்படியிலேயே அவளுக்குக் கிடைத்துவிட்ட பதில்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் சாமியார் வாயால் கேட்டபோது அவளுக்கு மனசு பூரித்துப் போயிற்று.

“செபத்துல சொல்லணும். என்ன பேரு வெச்சீங்க?” என்றார் சாமியார்.

அதை யாரும் யோசிக்கவில்லை. ராயப்பன் தயங்கி, “சூசைன்னு வெச்சிரலாமா? காளின்னு கோயிலுக்குள்ள எப்பிடிச் சொல்றது?” என்று கேட்டார். எல்லோரும் தனபாலனைப் பார்த்தார்கள். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லும் வழக்கம் அந்த லயத்தில் கிடையாது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதுகூட அன்னம்மா மகனைத்தான் கை காட்டுவாள். தனபாலன் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

“காளியண்ணன்,” என்றாள், கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. “இந்தப் பேர்லதான் ஆண்டவரு அவர இத்தன வருசமாக் கூப்புட்டாரு. அதே பேர்ல உள்ள வரட்டும்.”

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு முன்னால் நடந்தார். பெட்டியைத் தூக்க மூன்று பேர் வந்தார்கள். முன்பக்கத்து இடது மூலைக்கு ஆள் குறைந்தது. ராயப்பன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோள் கொடுத்தார். கோயில் வாசற்படி சற்று உயரம். பழகாதவர்களுக்குக் கால் தட்டும்.

“பாத்து வாங்கண்ணே,” என்றார் அவர், பெட்டிக்குள் இருந்தவரிடம். “படி இருக்கு.”