துரையின் ரிவால்வருக்கு ஒரு பொட்டு

வீரம் என்பது மற்றவர்கள் செய்ய, தூரத்தில் நின்று ரசிக்கிற சமாச்சாரம் என்பது அம்மாசியின் கருத்து. அப்படிப்பட்ட ஆளிடம் போய் ஒரு ரிவால்வர் மாட்டிக்கொண்டது.

ஜப்பான்காரன் வருகிறான் என்று மலாயாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை காரில் ஏறி ஓடிய அன்று, பங்களாவின் செம்பருத்திச் செடியடியில் அது கிடந்தது. துரை திரும்பியதும் கொடுத்துவிடலாம் என்று அம்மாசி அதை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தான். அரிசி தீர்ந்தது, துரை திரும்பவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்காவிட்டால் தலை போகும் என்று ஜப்பான்காரன் அறிவித்தபோது அம்மாசி மலேரியாவில் கிடந்தான். எழுந்தபோது கெடு தாண்டியிருந்தது. இனிக் கொண்டுபோனால், இத்தனை நாள் எங்கே என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்குத் தலை இருக்காது.

ரகசியம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருபது வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். லயத்தில் இருந்ததே இருபது வீடு.

"எந்தக் காலத்துச் சாமான் கிராணி இது?" என்றான் பக்கத்து வீட்டுப் பிச்சை.

தோட்டத்துக் கணக்கெழுதும் தர்மலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "துரையோட அப்பா ஆப்பிரிக்கா சண்டைக்குக் கொண்டுபோனதாம். மேல இருக்கிற கொக்கியத் தள்ளினா நடுவுல மடங்கும். ஆறு குண்டு போடலாம்."

"வித்தா எவ்வளவு டூயிட் தேறும்?"

"வெள்ளைக்காரன் காலத்துல லைசென்சோட நூறு வெள்ளி. இப்ப ஒரு தலை."

"யாரு தலை?"

"வச்சிருக்கிறவன் தலைதான்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாசியும் சிரித்தான், கழுத்தைத் தடவிக்கொண்டே.

ஆயுத பூஜை அன்று காலை ஆற்றில் எறிந்துவிடலாம் என்று பானைக்குள் கை விட்டான். காலி. முற்றத்தில் வாழையிலை மேல் பால்வெட்டுக் கத்தி, வாளி, மண்வெட்டி, அரிவாள்மணை, அப்புறம் ரிவால்வர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"அடியே பாப்பம்மா! அதை ஏன்டி வச்சே?"

"வீட்டுல இருக்கிற ஆயுதத்துல ஒண்ண மட்டும் விட்டா சாமிக்கு ஆகுமா?"

"எடுத்துடுறேன்."

"தொட்டீங்க, தெரியும் சேதி! நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்."

இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, லயங்களைச் சோதிக்க வந்த ஜப்பானிய சார்ஜெண்ட் முற்றத்தில் நின்றார். கூடவே சுங்கைப் பட்டாணி டவுன் துணிக்கடை நூர்தீன். நாற்பது ஜப்பானிய வார்த்தை தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்கப்பட்டவர். அம்மாசி குனிந்த குனிவில் சார்ஜெண்டின் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. பூட்ஸ் நேராக ரிவால்வரிடம் போய் நின்றது.

சார்ஜெண்ட் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"எந்தக் காலத்துதுன்னு கேக்கிறாரு. என்ன விலை போகுமாம்?" என்றார் நூர்தீன்.

அம்மாசிக்கு அழுகையே வந்துவிட்டது. பிச்சை கேட்ட அதே கேள்விகள்! ஆப்பிரிக்கா, கொக்கி, ஆறு குண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தான். தலை விலையை மட்டும் விட்டுவிட்டான்.

சார்ஜெண்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நூர்தீன் காதில் கிசுகிசுத்தார்.

"தம்பி, ஆபீசுல கொடுத்தா மேலதிகாரி எடுத்துக்குவாராம். இவருக்கே ஆசையா இருக்காம். நீ எதையும் வச்சிருக்கலே, இவரும் எதையும் பாக்கலே. சரியா?"

சரியா என்று கேட்க வேண்டுமா! அம்மாசி தலையாட்டுவதற்குள் சார்ஜெண்டின் கை ரிவால்வரை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" என்றாள் பாப்பம்மா. "படைச்சிருக்கு. நாளைக்குத்தான்."

நூர்தீன், தெரிந்த நாற்பதில் முக்கால்வாசியைச் செலவழித்தார். சார்ஜெண்டின் கை அந்தரத்தில் நின்றது. வரிசையாகப் பொட்டு வைத்த கத்தியையும் வாளியையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி.

"எத்தனை மணிக்கு வரணுமாம்" என்றார் நூர்தீன்.

மறுநாள் விடிந்ததும் வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் அணையும்வரை நின்றார். பாப்பம்மா கொடுத்த அவித்த மரவள்ளிக்கிழங்கை இரண்டு கையாலும் வாங்கித் தின்றார். ரிவால்வரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். மறுபூசைக்கு வைத்த ஈரக் குங்குமம் வயிற்றுப் பக்கம் சிவப்பாய் ஊறிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, யாரோ சுட்டுட்டாங்கன்னு நெனைக்கப்போறாங்க. கூப்பிட்டுச் சொல்லுங்க!" என்றாள் பாப்பம்மா.

"நான் எதையும் பாக்கலே" என்றான் அம்மாசி. பத்து மாதத்துக்குப் பிறகு, கழுத்தைத் தடவாமல் சிரித்தான்.