பிணையாக வைத்த சிடிசி

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த வருடம் மெட்டில்டா தன் கணவன் ரோச்சை விட்டு, மகள் அமலியோடு அண்ணன் மரியான் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதா கோயிலில் கட்டிய தாலி, கத்தோலிக்கருக்கு விவாகரத்து கிடையாது. பிரிந்திருந்தார்கள், அவ்வளவுதான். ரோச் கப்பல்காரன். கரைக்கு வந்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் அமலியைக் கூட்டிப் போவான். மிட்டாய் வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த மே விடுமுறைக்கு அமலியைக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவன் சொன்னதில்தான் வம்பு தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் அவன் அக்கா ஆக்னஸ் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை. தெகிவளை மிருகக்காட்சி சாலையில் யானை ஆடும் என்று ரோச் மகளிடம் சொல்லியும் வைத்துவிட்டான். அன்றிலிருந்து அமலிக்கு யானையைத் தவிர வேறு பேச்சில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் போன பிள்ளை திரும்பி வராவிட்டால் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? மெட்டில்டாவுக்கு அந்த ஒரு பயம்தான்.

விஷயம் பங்குச் சாமியாரின் அறைக்குப் போனது. அவர் திருச்சிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர்.

"பெத்த தகப்பன்தானம்மா கூட்டிட்டுப் போறான்" என்றார்.

"தகப்பன்தான் சாமி. கொண்டாந்து விடுவாருன்னு யாரு ஜாமீன்?"

ரோச் சிரித்தான். "ஏளா, எம் புள்ளைய நானே களவாங்குவனா?"

மரியானும் பழைய கப்பல்காரர்தான். கால் ஒன்று நசுங்கிய பிறகு கரையேறியவர். அவர்தான் வழி சொன்னார்.

"ஏலே மாப்ள, ரொம்பப் பேசாத. ஒஞ் சிடிசிய சாமிகிட்ட வச்சிட்டுப் போ. புள்ளையக் கொண்டாந்து விட்டுட்டு எடுத்துக்கோ."

சாமியார் விழித்தார்.

"மாலுமிப் புத்தகம் சாமி. அது இல்லாம எந்தக் கப்பல்லயும் கால் வைக்க முடியாது. நம்ம ஆளு பொண்டாட்டிய அடகு வச்சாலும் வைப்பான், சிடிசிய வைக்க மாட்டான்."

ரோச் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து, தீப்பெட்டியைப் போடுவது போல மேஜையில் போட்டான். "இந்தாங்க. போதுமா?"

"முடிஞ்சுது சோலி" என்று மரியான் எழுந்தார். சாமியாரின் முகம் மலர்ந்தது. கதவோரம் நின்ற அமலி ஒரு குதி குதித்தாள்.

மெட்டில்டா அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் அதை அவளைத் தொட விட்டதில்லை. ஒரு புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, முதலில் பெட்டியைத் திறந்து, மெழுகுசீலையில் சுற்றிய சிடிசியை எடுத்து இடுப்பில் செருகினான். அப்புறம்தான் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கினான். அதை அவள் மன்னிக்கவே இல்லை. இப்போது மெழுகுசீலையைக் காணோம். அட்டையின் ஓரம் வேர்வையில் சுருண்டிருந்தது.

"அடுத்து எந்தக் கப்பல்ல ஏறுதீங்க?" என்று கேட்டாள்.

"பார்ப்போம். பம்பாய்க் கம்பெனிக்காரனுக்கு எழுதியிருக்கேன்."

"லீவு முடியுறதுக்குள்ள அவன் கூப்பிட்டுட்டா?"

"கூப்பிட மாட்டான்."

பதில் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. எழுந்த மரியான் மறுபடி உட்கார்ந்தார்.

"கடல விட்டாச்சு, என்ன?" என்றாள் மெட்டில்டா. "அதான் சிடிசியத் தூக்கிப் போட வலிக்கல. ஆக்னஸ் மதினி வீட்டுக் கடையிலயா வேலை?"

ரோச் ஜன்னல் பக்கம் பார்த்தான். "கரையில இருன்னு நீதான அழுத?"

"தூத்துக்குடிக் கரையச் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "அமலிக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாச்சா?"

ரோச், "கன்னியாஸ்திரிமார் நடத்துதாங்க. நல்ல பள்ளிக்கூடம்" என்றான்.

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். மரியான் தன் நசுங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மெட்டில்டா சிடிசியை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோங்க. ஊர்ல இருந்தா ஞாயித்துக்கெழம எப்பவும்போல வாங்க. புள்ள இங்கதான் இருப்பா."

"அப்ப யானை?" என்றாள் அமலி.

மெட்டில்டா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அமலி அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி பின்னால் வந்தாள். மெட்டில்டா கூப்பிடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அந்தச் சின்னச் செருப்புச் சத்தம் பின்னாலேயே வருகிறதா என்று மட்டும் வீடு வரைக்கும் காது கொடுத்தபடி நடந்தாள்.