சர்ச் தெருவிலிருந்து பதில்

திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனியை 2006 ஏப்ரல் கடைசியில் மூடினார்கள். வேலையெல்லாம் பெங்களூருக்குப் போகிறது என்றார்கள். பதினான்கு பேரில் பதினோரு பேருக்கு அங்கே இடம் கிடைத்தது. கலைவாணிக்குக் கிடைக்கவில்லை. யார் என்ன வேலை செய்தார்கள் என்ற பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "இதர உதவி" என்று மட்டும் இருந்தது. பட்டியலைப் போட்டவர் மேனேஜர் சம்பத். அவருக்கு இடம் கிடைத்தது.

கம்பெனிக்கு வேலை கொடுத்தது அமெரிக்காவில் ஓட்டல்களுக்குப் பெரிய பெரிய துணி துவைக்கும் மெஷின் செய்கிறவர்கள். அவர்களுடைய ரிப்பேர் ஆட்கள் ஒரு விக்கி வைத்திருந்தார்கள். படிக்கிறவரே திருத்தவும் செய்யலாம் என்கிற வகை இணையப் பக்கங்கள். எந்த மெஷினில் என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தோம் என்று அதில் எழுதி வைப்பார்கள். ஒரு பழைய பாகம் வருவது நின்றுபோனால் வேறு எது பொருந்தும் என்பதுதான் அவர்களுக்கு ஓயாத தலைவலி. கலைவாணி அதற்கு ஒரு பிளக்கின், அதாவது விக்கியோடு சேர்ந்து ஓடும் சின்னப் புரோகிராம் ஒன்று, எழுதினாள். விக்கியை ஓட்டும் புரோகிராமில் கை வைக்க அவளுக்கு அனுமதி இல்லாததால் வெளியே எழுதினாள். பக்கத்தில் பாகத்தின் எண் இருந்தால், விக்கி இணையம் வழியாகத் திருப்பதியில் அவள் மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுக் கேட்கும். அவள் புரோகிராம் பதில் அனுப்பும். விக்கி அதைப் பக்கத்தில் போட்டுவிடும். படிக்கிறவர் விக்கியே சொன்னதாக நினைத்துக்கொள்வார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ரிப்போர்ட்ல போடாதம்மா. யார் செய்யச் சொன்னதுன்னு கேப்பாங்க" என்று சம்பத் அப்போதே சொல்லியிருந்தார்.

கம்பெனியை மூடியதும் கலைவாணி சித்தூரைத் தாண்டி இருக்கும் குடிபாலாவுக்கு, வீட்டுக்குப் போனாள். நான்காம் நாள் சம்பத் போன் செய்தார்.

"உன் டேபிளுக்குக் கீழ ஒரு மெஷின் இருந்துச்சே, அது எதுக்கு?"

"அதுதான் சார் பதில் சொல்லிக்கினு இருந்தது."

"பதில் வரலியாம். முன்னூறு பேர் கேட்டுக்கினு இருக்காங்க. காப்பி எங்க வச்சிருக்க?"

"காப்பி எடுக்கறதுக்கு சிடி கேட்டேன் சார். ரெண்டு தடவ கேட்டேன்."

சம்பத், அந்த மெஷினைச் சித்தூரில் விற்றுவிட்டதாகச் சொன்னார்.

வாங்கியவர் சித்தூர் சர்ச் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் பொன்னியம்மாள். நகரியைச் சேர்ந்தவர், தமிழிலும் தெலுங்கிலும் மளமளவென்று டைப் அடிப்பார். கலைவாணியும் சம்பத்தும் போய்ச் சேர்ந்தபோது அந்த மெஷினில் ஒரு மாப்பிள்ளையின் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள இருந்தத எதுனா அழிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள் கலைவாணி. வழியெல்லாம் பயந்துகொண்டு வந்த கேள்வி அது.

"எது எதுக்குன்னு தெரியாம நான் எதையும் அழிக்கமாட்டேன்" என்றார் பொன்னியம்மாள்.

புரோகிராம் வைத்த இடத்திலேயே இருந்தது. பத்து நிமிஷத்தில் சிடியில் எடுத்துக்கொண்டாள். ஆனால் அதைப் போட்டு ஓட்ட இடம் இல்லை. பெங்களூர் மெஷின்கள் இன்னும் பெட்டியில் இருந்தன. அமெரிக்காவில் ஓட்டலாம் என்றால் அங்கே உள்ள கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கமிட்டி அனுமதி தரவேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுங்கள் என்று சம்பத் கேட்டார். மே மாதத்து முகூர்த்தம் முடியும்வரை பேச்சே இல்லை என்றார் பொன்னியம்மாள். கடையில் பிராட்பேண்ட் இருந்தது.

"அப்போ இங்கயே ஓடட்டும்" என்றார் சம்பத். "நீ பாத்துக்கம்மா."

"எந்த வேலைல சார்?"

"அத அப்புறம் பேசலாம்."

மறுநாளிலிருந்து கலைவாணி தினமும் குடிபாலாவிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கரண்ட் போய் வந்தால் இணையத்தில் கடையின் முகவரி மாறிவிடும். புது முகவரியை அமெரிக்காவுக்கு மெயிலில் எழுதுவாள். மற்ற நேரத்தில் பத்திரிகைகளில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். பொன்னியம்மாள் தெலுங்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்க, பின்னால் அதே மெஷின் எங்கோ ஓட்டலில் நின்றுபோன ஒரு மோட்டாருக்கு எந்த பெல்ட் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் கலைவாணி விக்கியில் தன் பிளக்கினைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "எழுதியது: திருப்பதி குழு. தொடர்புக்கு: சம்பத்" என்று இருந்தது. ஓரத்தில், எல்லாப் பக்கத்திலும் இருப்பதுபோல, திருத்து என்ற பட்டன் இருந்தது. இரண்டு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறாள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை விக்கி அழியாமல் வைத்திருக்கும் என்றும் தெரியும். பட்டனை அழுத்தினாள். "எழுதியது: கலைவாணி முனிசாமி, குடிபாலா" என்று போட்டு, தொடர்புக்கு என்ற இடத்தில் சம்பத் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் கடையின் போன் நம்பரையும் சேர்த்தாள்.

"ஃபேன் ஓடுதே, ஏம்மா இப்படி வேர்க்குது உனக்கு?" என்றார் பொன்னியம்மாள்.

இரண்டு நாள் கழித்து சம்பத் போனில் பேசினார். "என் பேர எடுத்துட்டியாமே."

"இருக்குது சார், ரெண்டாவதா. எனக்கு ஒடம்பு சரியில்லன்னா யாருனா வேணும்ல."



அடுத்த வாரம் பெங்களூர் ஆபீசின் பெரிய மேனேஜர் கிரண்குமார் கடைக்கு போன் செய்தார். பொன்னியம்மாள் எடுத்து, பெண் பெயரை முதலில் சொல்லுங்கள் என்றார். கலைவாணி என்று அவர் சொன்னார். மாப்பிள்ளை பெயர் என்ன என்று இவர் கேட்டார். குழப்பம் தீர ஒரு நிமிஷம் ஆனது.

"இத நீங்க ஒருத்தரே எழுதினீங்களா?" என்று கிரண்குமார் கேட்டார்.

"ஆமா சார்."

"பட்டியல்ல இல்லியே."

"பட்டியல நான் போடல சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஜூனில் வந்து சேர முடியுமா, சம்பத்தின் குழுவிலேயே இடம் இருக்கிறது என்றார்.

"வர்றேன் சார். வேற குழுவுல போடுங்க."

பார்க்கலாம் என்று அவர் வைத்துவிட்டார். நான்காம் நாள் நியமனக் கடிதம் மெயிலில் வந்தது. வேறு குழுதான். கடையில் சாதாத் தாள் தீர்ந்துபோயிருந்ததால் பொன்னியம்மாள் அதைப் பொன்னிற ஓரம் போட்ட பத்திரிகை அட்டையில் அடித்துக் கொடுத்தார். அப்பா முனிசாமி களை எடுக்கும் வேலையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"வேல நைனா. எனக்கு."

கமிட்டி அனுமதி மே கடைசியில் வந்தது. புரோகிராமை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கலைவாணி கடை மெஷினில் ஓடியதை நிறுத்தினாள்.

"அப்போ இனிமே இங்க யாரும் கேக்கமாட்டாங்களா?" என்றார் பொன்னியம்மாள்.

"மாட்டாங்கக்கா."

பொன்னியம்மாள் திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த பத்திரிகையில் தாய்மாமன் பெயரை அடிக்கத் தொடங்கினார்.