பட்டியலில் இல்லாத மணி

தான் எழுதுவதைச் சோதிக்கும் ஆளாகச் சொந்த நாத்தனாரே வந்து வாய்ப்பது யாருக்கும் வரக்கூடாத கிரகச்சாரம். அண்ணிக்கு வந்தது. நாத்தனார் கூப்பிடப் போய் அலுவலகத்தின் அந்த மாடி முழுவதற்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். மேலாளர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படி அழைத்துவிட்டு அசடு வழிந்தார். அவள் கணினி நிரல் எழுதுவாள், நாத்தனார் அதில் குற்றம் கண்டுபிடிப்பாள். கரும்பு தின்னக் கூலி வேறு.

அவர்களுடைய மென்பொருள் ஓடுவது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலையில் அதை எழுப்ப நான்கு நிமிடம் பிடிக்கும். தன் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, 'நீ என் உறுப்பா, நீ என் உறுப்பா' என்று விசாரித்துவிட்டுத்தான் மென்பொருள் துரை வேலைக்கு வருவார். அதுவரை வெறும் வயிற்றோடு வந்த நோயாளிகள் வரிசையில் நிற்க வேண்டும். அண்ணி மூன்று வாரம் மல்லுக்கட்டி ஒரு வழி கண்டிருந்தாள். மென்பொருளில் தனித்தனி வேலை செய்யும் ஒவ்வொரு உறுப்பின் தலையிலும் ஒரு சின்னக் குறிப்பு. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்யும்போதே அந்தக் குறிப்புகளையெல்லாம் பொறுக்கி ஒரு பட்டியல் தயாராகிவிடும். காலையில் பட்டியலைப் படித்தால் போதும். ஒன்பதே விநாடி. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"நாலு மணிக்குள்ள டெஸ்ட்ல தேறிச்சுன்னா நாளைக்கே லேப்ல போட்டுடலாம். இல்லன்னா அடுத்த வருஷம்தான்" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

மூன்றேகாலுக்கு நாத்தனார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, சர்க்கரை முப்பதுன்னு ஒரு டம்மி பேஷன்ட்டைப் போட்டேன். டாக்டருக்கு எச்சரிக்கை மணி அடிக்கல."

"எரர் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. சமத்தா உக்காந்திருக்கு."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. பட்டியலை எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்று. இருக்க வேண்டியது இருநூற்றுப் பன்னிரண்டு. மணி அடிக்கும் உறுப்பு ஒரு பழைய பகுதியில், என்றைக்கோ தனியாகக் கம்பைல் செய்ததோடு கிடந்தது. அதன் தலையில் யாரும் குறிப்பு வைக்கவில்லை. பட்டியல் என்று ஒன்று இருந்துவிட்டால் மென்பொருள் அதை மட்டுமே நம்பும். அதில் பெயர் இல்லாதவன் பிறக்கவே இல்லை. நாளைக்கு நிஜமாகவே ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால் டாக்டருக்குத் தெரிந்தே இருக்காது. பயத்தோடு கோபமும் வந்தது. இதையும் இவள்தானா கண்டுபிடிக்க வேண்டும்?

கோபப்பட நேரமில்லை. பழைய பகுதிக்கும் குறிப்பு வைத்தாள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும்படி ஒரு காவலும் போட்டாள். நாத்தனார் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, "வரி முடிவுல செமிகோலன் விட்டுட்டீங்க" என்றாள். உண்மையிலேயே விட்டிருந்தாள்.

மூன்று ஐம்பதுக்கு டம்மி பேஷன்ட்டை மறுபடி போட்டார்கள். மணி அடித்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

நாத்தனார் 'தேறியது' என்று போட்டு அறிக்கையை அனுப்பினாள். அண்ணி அதைத் திறந்து படித்தாள். நடந்த தவறு ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் மட்டும் அண்ணியின் பெயர் இருந்தது.

"கண்டுபிடிச்சது நீதானே?"

"உங்க நிரல்ல நான் கண்டுபிடிச்சது நானூறு இருக்கு அண்ணி. உங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."