சத்தம் போடாத பிக்கப்

"தட்டுடா, நல்லாத் தட்டு!"

தம்பி சுத்தியலின் மரப்பிடியால் பிக்கப்பின் தரைத் தகரத்தைத் தட்டினான். வெறும் தகரமாயிருந்த இடது பக்கம் 'ணங்'கென்றது. நாலு தெரு தள்ளித் தூங்கிய நாய்கூட எழுந்து உட்கார்ந்திருக்கும். சத்தத்தை அடக்குகிற கறுப்பு ஷீட் ஒட்டிய வலது பக்கம் 'தொப்'பென்றது. தலையணையைத் தட்டியது மாதிரி. இருக்கைகளைக் கழற்றிய கேபினுக்குள் மண்டியிட்டிருந்த டிரைவரம்மா, தன் வயதை மறந்து அப்படியே ஒரு துள்ளு துள்ளினாள். தலை கூரையில் இடித்தது.

"கூரைக்கும் ஒட்டணும்டா!"

"நீ குதிக்காம இருந்தா கூரைக்கு வேண்டாம்க்கா."

வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. அவள் புருஷன் ஏலக்காரர். பழைய கட்டில், பீரோ, இழுத்து மூடிய கடைகளின் மேசை நாற்காலி என எதுவானாலும் அவர் கூவி விற்பார். அவள் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவாள். ஏலக்காரர் தொண்டையைக் கனைத்தால், மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட குரல் நோயில் தேய்ந்து தேய்ந்து, எறும்பு கொட்டாவி விடுகிற அளவுக்கு வந்துவிட்டது. டிரைவரம்மாவின் காதோ, முப்பது வருஷம் இந்த பிக்கப்பின் இரைச்சலில் ஊறி மந்தமான காது.

'இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க' என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து அவளிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறார். வீடு கொள்ளாத உறவுக்கூட்டம், மேலே கடகடக்கிற ஃபேன். போதாக்குறைக்கு அவருடைய தங்கை கட்டிலோரமாகவே குடியேறியிருந்தாள். அவர் உதடு அசைந்தால் போதும், "அண்ணன் தண்ணி கேக்குறாரு!" என்று டம்ளரைச் சாய்த்துவிடுவாள். ஒரு கிணற்றுத் தண்ணீர் இந்நேரம் அவர் வயிற்றில் இருக்கும்.

முந்தின நாள் அவர் கையைத் தூக்கி, இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினார். பிறகு அவளைச் சுட்டினார், தன்னைச் சுட்டினார். நம்ம ரெண்டு பேர் மட்டும். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் பிக்கப்பின் தரை துருவில் ஓட்டை விழுந்து, ஓட்டும்போதே காலுக்கடியில் ரோடு ஓடுவது தெரியும். இன்ஜின் சூட்டில் முட்டை பொரிக்கலாம். உள்ளே இரைகிற இரைச்சலில் இடி விழுந்தாலும் 'யாரோ தும்மினாங்களா?' என்றுதான் கேட்கத் தோன்றும். அதில் அவர் குரல் எந்த மூலைக்கு? அன்றைக்கே பட்டறைக்கு ஓட்டிப் போய், ஓட்டையில் புதுத் தகரம் வைத்துப் பற்ற வைத்துக்கொண்டு வந்தாள். விடிந்ததும் விடியாததுமாகத் தம்பியை எழுப்பிவிட்டாள்.

நாத்தனார் வாசலுக்கு வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இது உங்களுக்கே நல்லாருக்கா அண்ணி? உள்ள மனுஷன் இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு. நீங்க வண்டிக்கு மெத்தை போடுறீங்க."

"மெத்தை அப்புறம். இப்ப ஷீட். வந்ததுதான் வந்தீங்க, அந்த ஹேர் டிரையரை எடுத்துட்டு வாங்க. சூடு காட்டுனாத்தான் சுத்தமா ஒட்டும்."

டிரையரோடு வந்த நாத்தனார் திரும்பிப் போகவில்லை. அரை மணியில், ஷீட்டை அழுத்தி ஒட்டுகிற உருளை அவள் கைக்கு மாறியிருந்தது. "இங்க காத்து நிக்குது அண்ணி, அமுக்குங்க! தம்பி, ஓரத்தை விட்டுட்டியே, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" இன்ஜினை ஒட்டிய தகரச் சுவருக்கு இரட்டை ஷீட். கதவுகளுக்கு, பின்சுவருக்கு, கடைசியில் கூரைக்கும். அதன்மேல் ஃபோம், தரையில் புது வினைல் விரிப்பு. ஏலக்காரரின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு 'தொப்'புக்கும் அவர் புருவம் ஏறும். புருவம் ஏறினால் இங்கே மூன்று பேரும் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி கத்துவார்கள்.

சாயங்காலம் இருக்கைகளைத் தூக்கி உள்ளே வைத்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. இருக்கைக்குப் போல்ட் போடுகிற ஓட்டைகளையும் ஒன்று விடாமல் கண்ணுங்கருத்துமாக ஒட்டி மூடியிருந்தார்கள். தரை வழவழவென்று நீச்சல்குளம் மாதிரி கிடந்தது.

தம்பி தலையில் கை வைத்தான். "சரி விடுக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்."

டிரைவரம்மா ஜன்னலைப் பார்த்தாள். தம்பியிடமிருந்து சுத்தியலை வாங்கிப் பிடியால் 'தொப்'பென்று தட்டினாள். புருவம் ஏறவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். மெல்ல, ஒரு புருவம் மட்டும்.

தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் தவழ்ந்து போனான்.

கீழேயிருந்து ஓட்டை வழியே குத்தினான். வினைலில் ஒரு மூக்கு முளைத்தது. "இதோ!" என்று நாத்தனார் அதன்மேல் பாய்ந்தாள். டிரைவரம்மா பிளேடால் கீறினாள். அடுத்த மூக்கு நாத்தனாரின் முழங்காலுக்கடியிலேயே முளைத்தது. "அய்யோ, குத்திட்டான்!" எட்டு மூக்கும் முளைத்து, எட்டு போல்ட்டும் இறங்கின.

தம்பி மாமாவைக் குழந்தை மாதிரி தூக்கி வந்து, தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்தான். நாத்தனார் டம்ளரோடு ஓடி வருவதற்குள் டிரைவரம்மா கதவைச் சாத்தினாள். வீட்டின் மொத்தச் சத்தமும் கத்தரித்தாற்போல நின்றது.

"கேக்குதா?" என்றார் ஏலக்காரர்.

"கேக்குதுங்க!" என்று கூரை அதிரக் கத்தினாள்.

"கத்தாத. காது வலிக்குது." மூச்சு வாங்கினார். "எனக்குத் தண்ணி வேணாம்னு... அவகிட்டச் சொல்லு."

"இதச் சொல்லவா இவ்ளோ பாடு?"

"இல்ல. ஒரு சாமான் விக்காம நிக்குது. நீ வண்டிய எடு."

பிக்கப் கிளம்பியது. முப்பது வருஷமாக ஆலை மாதிரி அலறிய இன்ஜின், பூனை உறுமுகிற மாதிரி எங்கேயோ உறுமியது. தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"பாருங்கய்யா, பாருங்க..." அந்தப் பழைய இழுப்பு, நூல் மாதிரி. "பழைய புருஷன். சிங்கிள் ஓனர். உள்ள கொஞ்சம் ரிப்பேர். கேளுங்கய்யா, கேளுங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு டயர்!"

"தேஞ்சதா?"

"புதுசு!"

"ரெண்டு டயர்... ஒரு தரம். ரெண்டு டயர்... ரெண்டு தரம்..."

"நாலு டயர்!"

"யாரும் கேக்காமயே... உன் மேலயே நீ ஏத்துறியேடி."

"வாங்குறவ நான். உங்களுக்கென்ன? கூவுங்க."

கூவினார். இரண்டாம் தரம் வரும்போதெல்லாம் அவள் ஏற்றினாள். ஸ்டெப்னி சேர்த்தாள், பேட்டரி சேர்த்தாள், இன்றைக்கு ஒட்டிய ஷீட் அத்தனையும் சேர்த்தாள். அவர் சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். பெரிய ரோட்டுச் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"பேட்டரி, ஷீட்டோட... ஒரு தரம்." இடைவெளி. "ரெண்டு..."

அவள் காத்திருந்தாள். இன்டிகேட்டர் டக், டக் என்றது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது சத்தம் போடுமென்றே அவளுக்குத் தெரியாது. அவர் கை மடியிலிருந்து வழுக்கி, இருக்கையின் ஓரத்தில் கிடந்தது. மார்பு ஏறவில்லை.

"வண்டியே தர்றேன்," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரியின் ஹாரன் வேறு ஏதோ தெருவில் அடிப்பது போலக் கேட்டது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் இடது இன்டிகேட்டரை அணைத்து, வலது பக்கம் போட்டாள்.